ஐடி கார்டைத் திருப்பிக் கொடுக்கும் முன்... வெளிநாட்டு இன்டர்ன்ஷிப்பின் கடைசி 10 நாளில் என்ன செய்யணும்?

வெளிநாட்டு சம்மர் இன்டர்ன்ஷிப்புக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்ல யூடியூபில் எக்கச்சக்க வீடியோ இருக்கிறது. ரெஸ்யூமே எப்படி எழுதணும், பேராசிரியருக்கு எப்படி மெயில் போடணும், விசா நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்று எல்லாமே கிடைக்கும். அந்த இன்டர்ன்ஷிப்பை எப்படி முடிப்பது என்று சொல்லத்தான் ஆள் குறைவு.

கடைசி வாரம் என்றாலே ஊர் சுற்றுவது, சாக்லேட் வாங்குவது, குரூப் போட்டோ என்றுதான் பலரும் நினைக்கிறோம். அதெல்லாம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், அந்த மூன்று மாத உழைப்பு அடுத்த இரண்டு மூன்று வருடங்களுக்கு உங்களுக்குக் கைகொடுக்குமா என்பது பெரும்பாலும் அந்தக் கடைசி பத்து நாளில்தான் முடிவாகிறது.

காரணம் ரொம்ப எளிது. கழுத்தில் ஐடி கார்டு தொங்கும் வரை நீங்கள் அந்த ஆய்வகத்தின் ஆள். ஒரு கையெழுத்து வேண்டுமென்றால் பக்கத்து அறைக் கதவைத் தட்டினால் போதும். கார்டைத் திருப்பிக் கொடுத்து விமானம் ஏறிய மறுநாள், அதே பேராசிரியரின் இன்பாக்ஸில் பதிலுக்காகக் காத்திருக்கும் பலரில் நீங்களும் ஒருவர். அங்கே ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை, இங்கே வந்த பிறகு ஐந்து மாதம் இழுக்கும்.

பெரம்பலூர், அரியலூருக்கு இது ஏன் முக்கியம்?

பெரிய நகரங்களில் உள்ள பெயர்பெற்ற கல்லூரிகளில் இந்த விஷயமெல்லாம் யாரும் பாடமாக நடத்துவதில்லை. அதற்குத் தேவையும் இல்லை. போன வருடம் போய்வந்த சீனியர் ஹாஸ்டலில் அடுத்த அறையில் இருப்பார். வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டால் நாலு பேர் பதில் சொல்வார்கள்.

நம்ம பக்கம் நிலைமை வேறு. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற பெரம்பலூரிலும், சிமென்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த அரியலூரிலும், 'வெளிநாடு' என்றால் பெரும்பாலும் துபாய், சிங்கப்பூர், மலேசியா வேலைதான். விசா, ஏஜென்ட், டிக்கெட் பற்றியெல்லாம் தெருவுக்கு ஒருவராவது சொல்லிவிடுவார். "ஒரு ஆய்வகத்தில் மூன்று மாதம் ஆராய்ச்சி செய்துவிட்டு வந்தேன்" என்று சொல்கிற அக்காவோ அண்ணனோ கிடைப்பது அபூர்வம். கேட்க ஆள் இல்லாததால் நழுவிப் போகிற வாய்ப்புகள், மதிப்பெண் குறைந்ததால் போகிறவற்றைவிடக் குறைவு என்று சொல்லிவிட முடியாது.

கதவுகள் மெல்லத் திறந்துகொண்டுதான் இருக்கின்றன. 2022 மார்ச் 1-ல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ், 2024 ஜூனில் தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர்கள் 25 பேர் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வாரப் பயிற்சிக்குச் சென்றார்கள். நீண்டகால ஆராய்ச்சிப் பயிற்சி என்றால், ஜெர்மனியின் 'டாட் வைஸ்', கனடாவின் 'மைடாக்ஸ் குளோபலிங்க்', பிரான்ஸ் தூதரகத்தின் 'ஷார்பாக் லேப்' போன்றவை இந்திய இளநிலை மாணவர்களிடையே பிரபலம். மைடாக்ஸ் 12 வாரம். மற்றவை பெரும்பாலும் இரண்டு முதல் மூன்று மாதம். இவை தவிர, பேராசிரியருக்கு நேரடியாக மெயில் அனுப்பி வாய்ப்பு வாங்குகிறவர்களும் உண்டு.

எந்த வழியில் போயிருந்தாலும், முடிக்கிற வேலை கிட்டத்தட்ட ஒன்றுதான். வரிசையாகப் பார்ப்போம்.

'மூன்று மாதம்' என்பது 90 நாள் அல்ல!

முதலில் தேதி. இதில் சறுக்கினால் மற்ற எதைச் சரியாகச் செய்தும் பயன் குறைவு.

ஐரோப்பாவுக்குக் குறுகிய கால ஷெங்கன் விசாவில் போயிருந்தால் விதி இதுதான்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் அதிகபட்சம் 90 நாள்தான் தங்கலாம். உள்ளே நுழைந்த நாளும் கணக்கு, வெளியேறுகிற நாளும் கணக்கு.

இப்போது காலண்டரை எடுங்கள். ஜூன் 1-ல் இறங்கி ஆகஸ்ட் 31-ல் கிளம்புகிறீர்கள். பேச்சு வழக்கில் சரியாக மூன்று மாதம். எண்ணிப் பாருங்கள்: ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31. மொத்தம் 92. ஆகஸ்ட் 29-லேயே உங்கள் 90 நாள் முடிந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் கடிதத்தில் 'ஆகஸ்ட் 31 வரை' என்று இருப்பது எல்லையில் உங்களைக் காப்பாற்றாது.

விசா ஸ்டிக்கரில் இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கும். ஒன்று, விசா எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது. இன்னொன்று, எத்தனை நாள் தங்கலாம் என்பது. செல்லும் காலம் பெரும்பாலும் தங்கும் நாளைவிட அதிகமாக இருக்கும். அந்தக் கடைசித் தேதியைப் பார்த்து டிக்கெட் போட்டுவிட்டு மாட்டிக்கொள்வது எளிது. நாள் எண்ணிக்கை முடிந்துவிட்டால் தேதி மிச்சமிருந்தும் பயனில்லை.

ஜெர்மனியில் இருந்து வார இறுதியில் பாரிஸ், சூரிச் என்று சுற்றினாலும் அதே 90-ல்தான் கழியும். ஷெங்கனில் உள்ள 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. முன்பு முத்திரையைப் பார்த்து அதிகாரி விரல் விட்டு எண்ண வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பா படிப்படியாகக் கொண்டுவந்த புதிய நுழைவு-வெளியேற்றப் பதிவு முறையில், போன தேதியும் வந்த தேதியும் கணினியிலேயே பதிவாகிவிடும். இரண்டே நாள் கூடுதலாகத் தங்கியதுகூட, நாளைக்கு முதுகலைப் படிப்புக்கு விசா கேட்கும்போது எதிரே வந்து நிற்கலாம்.

நீண்டகால தேசிய விசாவில் போனவர்களுக்கு அந்த விசாவின் கடைசித் தேதிதான் எல்லை. அமெரிக்காவுக்கு ஜே-1 விசாவில் போனவர்களுக்கு, டிஎஸ்-2019 படிவத்தில் உள்ள முடிவுத் தேதிக்குப் பிறகு 30 நாள் அவகாசம் உண்டு. அந்த 30 நாளில் ஊர் சுற்றலாம், வேலை செய்யக் கூடாது. பக்கத்து நாட்டுக்கு எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப நுழையவும் முடியாது. சிங்கப்பூரில் பயிற்சிக்குத் தரும் டிரெயினிங் எம்ப்ளாய்மென்ட் பாஸ் அதிகபட்சம் மூன்று மாதம்தான், நீட்டிக்க மாட்டார்கள்.

ஜெர்மனியில் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்திருந்தால், நாட்டைவிட்டுக் கிளம்பும்போது அதை நீக்கவும் வேண்டும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பிருந்து, கிளம்பிய பின் இரண்டு வாரம் வரை இதைச் செய்யலாம். அந்த நீக்கச் சான்று கைக்கு வந்தால் பத்திரமாக வையுங்கள். வங்கியோ இன்சூரன்ஸோ பின்னால் கேட்கலாம்.

சான்றிதழில் யார் பெயர்?

இது தமிழ்நாட்டுக்காரர்களுக்கே உரிய சிக்கல். நம் மதிப்பெண் பட்டியலில் 'கே. பிரியா' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும். அங்கே ஆய்வகத்தில் எல்லோரும் உங்களை அப்பா பெயரைச் சொல்லிக்கூடக் கூப்பிட்டிருப்பார்கள். சான்றிதழ் அச்சடிக்கிற அலுவலக உதவியாளர் இதில் எதைப் போடுவார் என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால், "சர்டிஃபிகேட் ரெடி பண்ணிடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட்டில் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே பெயரை மெயிலில் எழுதி அனுப்புங்கள். சான்றிதழில் இவை இருக்க வேண்டும் என்றும் சேர்த்துக் கேளுங்கள்:

- தொடங்கிய தேதி, முடித்த தேதி
- வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
- புராஜெக்ட் தலைப்பு, ஓரிரு வரி விளக்கம்
- வழிகாட்டியின் பெயர், பதவி, நிறுவன மெயில் முகவரி
- லெட்டர்ஹெட், கையெழுத்து, இருந்தால் முத்திரை

மணி நேரத்தை ஏன் கேட்க வேண்டும்? நம் கல்லூரிகளில் இன்டர்ன்ஷிப்புக்கான கிரெடிட் வாரக் கணக்கு, மணிக் கணக்கு பார்த்துத்தான் தருவார்கள். 'இவர் எங்களிடம் பயிற்சி பெற்றார்' என்ற ஒற்றை வரிச் சான்றிதழைத் துறைத் தலைவர் திருப்பி அனுப்பினால், அப்போது ஏழு கடல் தாண்டி யாரைப் பிடிப்பீர்கள்? கல்லூரியே ஒரு படிவம் வைத்திருந்தால் அதை முன்கூட்டியே வாங்கி, அங்கேயே கையெழுத்து வாங்கிவிடுங்கள். முத்திரை கேட்டால் சில நாடுகளில் சிரிப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். நம் ஊரில் முத்திரை இல்லாத காகிதத்தின் மதிப்பு நமக்குத்தானே தெரியும்.

ஒரு எச்சரிக்கை. ஐரோப்பாவில் ஆகஸ்ட் என்பது விடுமுறை மாதம். பிரான்ஸில் ஆய்வகமே காலியாகிவிடும். நீங்கள் 28-ம் தேதி கிளம்பலாம், உங்கள் பேராசிரியர் 8-ம் தேதியே கடற்கரைக்குக் கிளம்பியிருப்பார். அவர் எப்போது விடுப்பில் போகிறார் என்பதை ஜூலையிலேயே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடைசி நாள்தான் உங்களுக்கும் கடைசி நாள்.

பரிந்துரைக் கடிதம்: "சார் என்ன நினைப்பாரோ?"

இந்தப் பயிற்சியில் இருந்து கிடைக்கிற மிகப் பெரிய சொத்து இதுதான். அதிகம் பேர் கேட்கத் தயங்குவதும் இதைத்தான்.

நமக்கு வளர்ப்பே அப்படி. பெரியவர்களிடம் எதையும் நேரடியாகக் கேட்டால் அதிகப்பிரசங்கித்தனம். அவர்களாகப் பார்த்துச் செய்வார்கள் என்று காத்திருப்போம். ஆனால், அங்கே பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊரில், கேட்காதவருக்குத் தேவை இல்லை என்றுதான் அர்த்தம். பரிந்துரைக் கடிதம் எழுதுவது அவர்கள் வேலையில் ஒரு பகுதி. கேட்பதில் அவமானம் எதுவுமில்லை.

எப்படிக் கேட்பது? மெயிலில் வேண்டாம், முதலில் நேரில். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு 15 நிமிடம் நேரம் வாங்குங்கள். அதில் இரண்டு கேள்வி. முதல் கேள்வி: "என் வேலையில் எது நன்றாக இருந்தது, எதை நான் மேம்படுத்திக்கொள்ள வேண்டும்?" அடுத்து: "அடுத்த வருடம் நான் முதுகலைக்கு விண்ணப்பிக்கும்போது, எனக்கு ஒரு வலுவான பரிந்துரைக் கடிதம் உங்களால் எழுத முடியுமா?"

'வலுவான' என்ற சொல் முக்கியம். முடியும் என்றால் உடனே சொல்வார். தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான். வெதுவெதுப்பான கடிதம் உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். அப்படியானால், தினமும் உங்களோடு உட்கார்ந்து வேலை செய்த பிஎச்டி மாணவரோ போஸ்ட்டாக்கோ விவரம் தர, பேராசிரியர் கையெழுத்திட முடியுமா என்று கேட்கலாம்.

இன்னொரு விஷயம். 'சம்பந்தப்பட்டவருக்கு' என்று தொடங்கும் பொதுவான கடிதத்தைக் கையோடு வாங்கி வந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில், விண்ணப்பத்தில் நீங்கள் பேராசிரியரின் மெயிலைக் கொடுப்பீர்கள். அவருக்கு நேரடியாக லிங்க் போகும், அவரே பதிவேற்றுவார். அதாவது, ஒரு வருடம் கழித்தும் அவருக்கு உங்களை ஞாபகம் இருக்க வேண்டும்.

ஞாபகத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்: நான் செய்த வேலை இது, எதிர்கொண்ட சிக்கல் இது, அதை இப்படித் தீர்த்தேன், இன்ன தேதியில் குரூப் மீட்டிங்கில் பேசினேன். ஒரு வருடம் கழித்து கடிதம் எழுத உட்காரும்போது அவர் கையில் இருக்கப்போவது அந்த ஒரு பக்கம்தான். 'கடினமாக உழைப்பவர்' என்று எழுதுவதற்கும், 'சென்சார் தரவில் இருந்த பிழையை மூன்றாவது வாரத்தில் அவரே கண்டுபிடித்தார்' என்று எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் பிறக்கிறது.

டேட்டா யாருடையது?

மூன்று மாதம் இரவு பகலாக எழுதிய கோட், எடுத்த அளவீடுகள். 'நான் பண்ணினது, என்னுடையது' என்று பென் டிரைவில் போட்டுக்கொண்டு வரலாமா?

கேட்காமல் வரக் கூடாது. ஆய்வகத்தில் சம்பளமோ உதவித்தொகையோ பெற்றுச் செய்த வேலை பெரும்பாலும் அந்த நிறுவனத்துக்குச் சொந்தம். நிறுவனத்தில் பயிற்சி என்றால், சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். கிட்ஹப்பில் பொதுவில் போடுவதும், ஊர் வந்து கல்லூரி புராஜெக்ட்டாகச் சமர்ப்பிப்பதும் பிரச்சினையாகலாம்.

எதை எடுத்துப் போகலாம், எதைக் கல்லூரி அறிக்கையில் காட்டலாம், எதை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு மெயில் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழி அனுமதி ஆறு மாதம் கழித்து யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆராய்ச்சிக் கட்டுரை வருமா, வந்தால் என் பெயர் வருமா? இதையும் கிளம்பும் முன்பே பேச வேண்டும். "கட்டுரை வெளியாகும் கட்டம் வந்தால், நான் ஊரில் இருந்தே என்னென்ன செய்தால் ஆசிரியர் பட்டியலில் இடம்பெற முடியும்?" என்று கேட்கலாம். பெரும்பாலான துறைகளில் கருவியை இயக்கியது மட்டும் போதாது. எழுதுவதிலும் சரிபார்ப்பதிலும் பங்கு இருக்க வேண்டும். கட்டுரைக்கான தொடர்புக்கு ஆய்வகம் தந்த மெயிலைக் கொடுக்காதீர்கள். அது சீக்கிரமே மூடப்படும். சொந்த மெயிலைக் கொடுங்கள். ஆய்வாளர்களுக்கான 16 இலக்க ஆர்கிட் எண்ணை இலவசமாகவே உருவாக்கிக்கொள்ளலாம். பெயரும் இனிஷியலும் எப்படிக் குழம்பினாலும் அந்த எண் குழம்பாது.

நீங்கள் அங்கே விட்டுவர வேண்டியதும் ஒன்று உண்டு. ஒப்படைப்புக் குறிப்பு. எந்த ஃபோல்டரில் என்ன இருக்கிறது, புரோகிராமை எப்படி ஓட்டுவது, எது இன்னும் முடியவில்லை, எங்கே முயன்று தோற்றேன். உங்களுக்கு அடுத்து வருகிறவர் அதைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு முறையும் உங்கள் பெயர் நல்லபடியாகச் சொல்லப்படும்.

பணம்: சிம் கார்டைத் தூக்கிப் போடும் முன்

அங்கே எடுத்த சிம் கார்டு இனி எதற்கு என்று கடைசி நாளில் தூக்கிப் போட்டுவிடுவோம். அந்த நாட்டு வங்கியின் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும். அறைக்குக் கொடுத்த டெபாசிட் அந்த வங்கிக் கணக்குக்குத்தான் திரும்பும். கடைசி மாத உதவித்தொகையும் அப்படித்தான். சிம் போனால் கணக்குக்குள் நுழைய முடியாது.

சரியான வரிசை இது:

1. அறையை ஒப்படைக்கும்போது வீட்டுக்காரர் அல்லது ஹாஸ்டல் அலுவலரோடு நின்று, அறையின் நிலையைப் படம் எடுத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள்.
2. டெபாசிட் எப்போது, எந்தக் கணக்குக்கு வரும் என்று மெயிலில் உறுதி செய்யுங்கள்.
3. வங்கியில் பதிவான எண்ணை இந்திய எண்ணுக்கு மாற்ற முடியுமா, ஓடிபிக்குப் பதில் ஆப் மூலம் உறுதி செய்ய முடியுமா என்று கேளுங்கள்.
4. எல்லாப் பணமும் வந்த பிறகு கணக்கை மூடுங்கள்.
5. மூடும் முன், கணக்கு தொடங்கிய நாளில் இருந்து முழு ஸ்டேட்மென்ட்டைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது ஏன் என்று அடுத்து வரும் வருமான வரிப் பகுதியில் புரியும்.

கையில் மிச்சமிருக்கும் யூரோ, டாலர்? திரும்பி வந்த பிறகு 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வெளிநாட்டு நோட்டுகளை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் 180 நாளுக்குள் வங்கியிலோ அங்கீகரிக்கப்பட்ட பண மாற்று மையத்திலோ கொடுத்துவிட வேண்டும். நாணயங்களுக்கு வரம்பு இல்லை. நோட்டாக 5,000 டாலருக்கு மேல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே அறிவிக்க வேண்டும். ஒரு இன்டர்னிடம் அவ்வளவு மிஞ்சினால் சந்தோஷம்தான்!

வருமான வரியா... எனக்கா?

இது பலருக்கும் தெரியாத பகுதி. மூன்று மாதம் வெளிநாட்டில் இருந்தாலும் வரிச் சட்டப்படி நீங்கள் இந்தியாவில் வசிப்பவர்தான். அப்படிப்பட்டவர் பெயரில் வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இருந்தால், வருமானம் வரி வரம்பைத் தொடாவிட்டாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும். எளிமையான ஐடிஆர்-1 படிவம் இதற்குச் செல்லாது. வெளிநாட்டுச் சொத்துகளுக்கான அட்டவணை உள்ள படிவத்தில்தான் தாக்கல் செய்ய வேண்டும். கணக்கை ஆகஸ்டிலேயே மூடியிருந்தாலும், அந்தக் காலண்டர் வருடத்தில் இருந்தது என்பதால் காட்டியாக வேண்டும்.

அந்த அட்டவணையில் கேட்பது: கணக்கு எண், தொடங்கிய தேதி, அந்த வருடத்தில் இருந்த அதிகபட்ச இருப்பு, கடைசி இருப்பு, வட்டி. கணக்கை மூடி, லாகின் போன பிறகு இதை எங்கே போய்த் தேடுவது? ஸ்டேட்மென்ட்டை முதலிலேயே எடுக்கச் சொன்னது அதற்காகத்தான்.

வரி கட்ட வேண்டுமா என்பது வேறு கேள்வி. கல்விச் செலவுக்கான உதவித்தொகைக்கு வரி விலக்கு உண்டு. வேலைக்கான சம்பளம் என்றால் அது வருமானம். எனவே, உங்களுக்குத் தந்த கடிதத்தில் எந்தச் சொல் இருக்கிறது என்று பாருங்கள், அந்தக் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள். ஊரில் உள்ள ஆடிட்டரிடம் கடிதத்தையும் ஸ்டேட்மென்ட்டையும் காட்டினால் போதும். அமெரிக்காவில் பணம் பெற்றவர்களுக்கு அங்கேயும் வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடமை அடுத்த வருடம் இருக்கும். படிவங்கள் வந்து சேர ஊர் முகவரியையும் சொந்த மெயிலையும் நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெட்டி கட்டுவதும் ஊர் சேர்வதும்

பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போடக் கூடாது. லேப்டாப்பும் அசல் சான்றிதழ்களும் கைப்பையிலேயே இருக்கட்டும். 18 வயது நிரம்பியவர் கொண்டுவரும் ஒரு லேப்டாப்புக்கு சுங்க வரி இல்லை.

நம் இரண்டு மாவட்டத்துக்கும் பக்கத்து விமான நிலையம் திருச்சி. 2024 ஜூன் முதல் புதிய முனையம் இயங்குகிறது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்கள் என்று இணைப்பு உண்டு. ஐரோப்பா, அமெரிக்காவில் இருந்து நேரடி விமானம் கிடையாது. எங்காவது மாறித்தான் வர வேண்டும். அப்போது முழுப் பயணமும் ஒரே பிஎன்ஆரில் இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாக இருக்கிறதே என்று இரண்டு டிக்கெட்டாக எடுத்தால், நடுவில் பெட்டியை வாங்கித் திரும்பப் போட வேண்டியிருக்கும். அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பணம் போச்சு.

சென்னையில் இறங்கினால், பெரம்பலூர்க்காரர்களுக்குப் பேருந்துதான் வழி. ஊரில் ரயில் நிலையம் இல்லை, ஆனால் சென்னை – திருச்சி நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. விமான நிலையத்தில் இருந்து கிளாம்பாக்கம் போய் திருச்சி வண்டி ஏறலாம். அரியலூர்க்காரர்கள் தாம்பரத்தில் கார்டு லைன் ரயில் பிடிக்கலாம்.

"என்ன தம்பி, எவ்வளவு சம்பாதிச்சே?"

ஊருக்கு வந்த முதல் வாரம் இந்தக் கேள்வி வரும். அத்தைக்கு சென்ட், மாமாவுக்கு வாட்ச் என்ற எதிர்பார்ப்பும் வரும். யார் மீதும் தப்பில்லை. அவர்கள் பார்த்த வெளிநாட்டுப் பயணம் எல்லாம் சம்பாதிக்கப் போனதுதான். இன்டர்ன்ஷிப் உதவித்தொகை என்பது அங்கே தங்கிச் சாப்பிடத் தருகிற பணம், சம்பளம் அல்ல என்பதைக் கிளம்பும் முன்பே வீட்டில் சொல்லிவைப்பது நல்லது. "அம்மா, பெட்டி நிறைய எதுவும் வராது. ஆனா ஒரு கடிதம் வரும், அதுதான் இதுல பெருசு" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். கடன் வாங்கி டிக்கெட் எடுத்த வீடுகளில் இந்தப் பேச்சு இன்னும் அவசியம்.

கடைசி 10 நாள்: ஒரே பார்வையில்

- 10-ம் நாள்: விசா நாள் எண்ணிக்கையையும் டிக்கெட் தேதியையும் ஒப்பிடுங்கள். பேராசிரியரின் விடுப்புத் தேதியை மீண்டும் உறுதி செய்யுங்கள்.
- 9: சான்றிதழுக்கான விவரங்களை மெயிலில் அனுப்புங்கள். கல்லூரிப் படிவத்தையும் இணையுங்கள்.
- 8, 7: பேராசிரியருடன் 15 நிமிடம். பரிந்துரை, கட்டுரை, டேட்டா அனுமதி.
- 6, 5: ஒப்படைப்புக் குறிப்பு. இறுதி உரை இருந்தால் 'இன்னும் முடியாதது' என்று ஒரு ஸ்லைடு கட்டாயம்.
- 4: நிறுவன மெயிலில் உள்ள தேவையான தனிப்பட்ட மெயில்களை எடுத்துவையுங்கள். அந்த மெயிலில் தொடங்கிய கணக்குகளைச் சொந்த மெயிலுக்கு மாற்றுங்கள்.
- 3: வங்கி ஸ்டேட்மென்ட், எண் மாற்றம், முகவரி நீக்கம்.
- 2: கையெழுத்தான சான்றிதழை ஸ்கேன் செய்து மூன்று இடத்தில் சேமியுங்கள். பெயரை எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள்.
- 1: அறை ஒப்படைப்பு, படங்கள், கையெழுத்து. நன்றி சொல்ல வேண்டிய எல்லோரையும் நேரில் பாருங்கள். கருவி அறை உதவியாளரையும் சேர்த்துத்தான்.

ஊர் வந்த இரண்டு வாரத்துக்குள் பேராசிரியருக்கு ஒரு சிறிய நன்றி மெயில். அதன்பின் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை நாலு வரி போதும்: கல்லூரியில் என்ன செய்கிறேன், அங்கே கற்றது எங்கே பயன்பட்டது. பரிந்துரை தேவைப்படும்போது மட்டும் வருகிற மெயிலுக்கும், தொடர்ந்து வருகிற மெயிலுக்கும் கிடைக்கும் பதிலில் வித்தியாசம் இருக்கும். சில திட்டங்கள் முன்னாள் இன்டர்ன்களுக்கென்றே வாய்ப்பு வைத்திருக்கின்றன. மைடாக்ஸில் பயிற்சி முடித்தவர்கள் முதுகலை, பிஎச்டிக்குக் கனடா திரும்ப உதவித்தொகை உண்டு.

கடைசியாக ஒன்று. நீங்கள் திரும்புகிற அதே ஆகஸ்ட், செப்டம்பரில்தான் அடுத்த வருடத்துக்கான மைடாக்ஸ் விண்ணப்பம் வழக்கமாகத் திறந்திருக்கும். ஜெர்மனியின் வைஸ் அக்டோபர் வாக்கில் வரும். உங்கள் ஜூனியர்கள் அப்போது யாரைக் கேட்பது என்று தெரியாமல் இருப்பார்கள். துறைத் தலைவரிடம் சொல்லி, ஒரு சனிக்கிழமை மதியம் ஒரு மணி நேரம் வாங்குங்கள். நீங்கள் அனுப்பிய முதல் மெயில், விசாவுக்குக் கொடுத்த காகிதங்கள், சான்றிதழுக்குக் கேட்ட வரிகள் என்று எல்லாவற்றையும் காட்டுங்கள். தனிப்பட்ட எண்களை மட்டும் மறைத்துவிட்டு ஃபோல்டரையே கொடுத்துவிடுங்கள். கேட்க ஆள் இல்லாத ஊரில் கேட்க ஒரு ஆள் கிடைப்பது, அந்த மாணவர்களுக்கு எந்த உதவித்தொகைக்கும் குறைந்ததல்ல.